விண்டோஸ் ஒரு போர்ஷன், லினக்ஸ் ஒரு போர்ஷன்

அறந்தாங்கியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். காலையில் ஆதார் பிரிண்ட், பட்டா, சிட்டா, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம். மத்தியானத்துக்கு மேல் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 480 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பிறகு நன்றாகவே ஓடுகிறது.

சிக்கல் விண்டோஸ் 10-ல் வந்தது. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது. ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ள வழி கொடுத்தார்கள், ஆனால் அது வாய்தா வாங்குகிற கதைதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. என் பெட்டியில் இரண்டும் இல்லை.

விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸுக்கே முழுக்கப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் கல்யாணப் பத்திரிகை அடித்ததில்லை என்று அர்த்தம். பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதற்குப் பிறகு புது பதிப்பே வரவில்லை. ஆனாலும் என்னிடம் இருக்கிற மாடல்கள் எல்லாம் அதில்தான், அதுவும் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில். "அக்கா, பெரியவனுக்கு அடிச்ச அதே மாடல், பேரும் தேதியும் மட்டும் மாத்துங்க" என்று வருகிறவரிடம் லினக்ஸ் தத்துவம் பேச முடியாது. லினக்ஸில் ஓடும் லிப்ரே ஆபீஸின் டிரா என்ற மென்பொருள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும்தான். திறந்தால் விநாயகர் ஒரு பக்கம், "உ" ஒரு பக்கம்.

ஆக, நான் எடுத்த முடிவு இதுதான். விண்டோஸ் இருக்கட்டும், ஆனால் நெட் இல்லாமல், பத்திரிகை வேலைக்கு மட்டும். நெட், ஊரார் கொண்டுவரும் பென் டிரைவ், வாட்ஸப்பில் வரும் பிடிஎஃப் எல்லாம் லினக்ஸில். பழைய பெரிய வீட்டில் நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு போர்ஷன் ஆக்குவது போல. சுவர் வைக்கிற வேலை அரை மணி நேரம். எங்கே வைப்பது என்று அளந்து பார்ப்பதற்குத்தான் ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

லினக்ஸை நான் முதலில் பார்த்தது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில். 2011-ல் தொடங்கிய திட்டம். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் விண்டோஸா, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பிள்ளைகள் கடைக்கு வந்து, "அக்கா, அந்த லினக்ஸைத் தூக்கிருங்க, இடம் வேணும்" என்பார்கள். நானும் விவரம் தெரியாமல் ஒரு பையனுக்கு விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் இருந்த பகுதியை டெலிட் கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தால் "கிரப் ரெஸ்க்யூ" என்று ஒரே ஒரு வரி. லினக்ஸும் இல்லை, விண்டோஸும் வரவில்லை. பிளஸ் டூ பையன், அவன் முகத்தை இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சரிசெய்து கொடுத்தேன். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விண்டோஸில் பார்க்க வேண்டியவை

உங்கள் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். நகல் எடுத்ததோடு விடாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், விண்டோஸ் எந்த முறையில் ஏறுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு நீளமான விவரப் பட்டியல் வரும். அதில் "பயாஸ் மோட்" என்ற வரிக்கு நேராக யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். லெகசி பழைய முறை, யூஇஎஃப்ஐ புது முறை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸையும் அதே முறையில்தான் போட வேண்டும். ஒன்று லெகசி, ஒன்று யூஇஎஃப்ஐ என்று போட்டால் இரண்டும் ஒரே மெனுவில் சேராது. தெரிந்தவர்களே தடுக்கி விழுகிற இடம் இது.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுசாகத் தூங்குவதில்லை, பாதிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். டிரைவ்களையும் பூட்டாமல் பாதியில் விட்டிருக்கும். அந்த நிலையில் லினக்ஸில் போய் டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல் கெடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறங்கள். மேலே இருக்கும் "சேஞ்ச் செட்டிங்ஸ்" வரியைத் தட்டினால்தான் கீழே உள்ள டிக்கை எடுக்க முடியும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" டிக்கை எடுத்து சேவ் செய்யுங்கள்.

நான்காவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பழைய கம்ப்யூட்டர்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். புது லேப்டாப்காரர்கள் இரண்டு தடவை படியுங்கள். என் அக்கா மகன் கல்லூரிக்கு விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியிருந்தான். என் கடையைப் பார்த்து அவனுக்கும் ஆசை. எதையும் பார்க்காமல், கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸுக்குள் போய், தெரியாத சிஸ்டம் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைத்தேன். அடுத்த தடவை விண்டோஸ் ஏறும்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டது. அவன் வாழ்நாளில் பிட்லாக்கர் என்ற பெயரையே கேட்டதில்லை. லேப்டாப்பை முதலில் ஆன் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே தானாகப் பூட்டு விழுந்திருக்கிறது, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. கணக்கின் பாஸ்வேர்டு அவனுக்கு மறந்துபோயிருந்தது. அன்று ராத்திரி பதினொரு மணி வரை அக்கா எனக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள்.

அதனால் பயாஸைத் தொடும் முன்பே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் பக்கத்தைப் பாருங்கள். ஆனில் இருந்தால், முதலில் ரிகவரி எண்ணைக் கணக்கில் இருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். பிறகு ஆஃப் செய்யுங்கள். பூட்டைக் கழற்ற நேரம் எடுக்கும், முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

இடம் பிரிப்பது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். கீழ்ப் பாதியில் டிஸ்க் 0 என்று நீளமாக ஒரு பட்டை தெரியும். அதுதான் வீட்டின் வரைபடம். நிதானமாகப் பாருங்கள், அவசரமில்லை.

யூஇஎஃப்ஐ லேப்டாப் என்றால் வேலை சுலபம். சி டிரைவில் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். எவ்வளவு குறைக்க என்று எம்பி கணக்கில் கேட்கும். ஜிபியை 1024-ஆல் பெருக்குங்கள். 60 ஜிபி என்றால் 61,440. 80 ஜிபி என்றால் 81,920. நான் போட்ட லினக்ஸ் வகையான மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி போதும் என்று அதை உருவாக்குகிறவர்கள் சொல்கிறார்கள், வசதியாக இருக்க 100. நான் 80 கொடுத்தேன். நடுவில் இடம் போதாமல் மறுபடி சுவரை நகர்த்துவது பெரிய தலைவலி.

ஷ்ரிங்க் செய்ததும் கறுப்புப் பட்டையோடு "அன்அலோகேட்டட்" என்று தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து ஃபார்மட் செய்யாதீர்கள். லினக்ஸ் தன் போர்ஷனுக்குத் தானே வெள்ளை அடித்துக்கொள்ளும்.

சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபிதான் குறைக்க முடியும் என்று சொன்னால் குழம்ப வேண்டாம். ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றும் நகர மாட்டேன் என்று நடுவீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, ஷ்ரிங்க் செய்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

என் கதை வேறு. என் பெட்டி லெகசி. டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்தது. அந்த முறையில் ஒரு டிஸ்க்கில் நாலு பிரைமரி பகுதிகளுக்கு மேல் வைக்க முடியாது. என்னுடையதில் சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரிகவரி, டி என்று நாலும் ஏற்கெனவே குடியிருந்தன. டி-யைக் குறைத்து எத்தனை ஜிபி காலி செய்தாலும் ஐந்தாவது ஆளுக்கு வீட்டு வரி ரசீதில் இடம் கிடையாது. இது தெரியாமல் காலி இடத்தில் புதுப் பகுதி உருவாக்கப் போனால் விண்டோஸ் சாதுவாக ஒரு கேள்வி கேட்கும்: இந்த டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா? வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த டிஸ்க்கில் வேலை செய்ய முடியாது. திரும்பப் பழையபடி ஆக்குவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை.

நான் செய்தது: டி டிரைவை முழுசாக வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். டி-யை டெலிட் செய்தேன். இப்போது பிரைமரி மூன்றுதான். காலியான இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, 81,920 எம்பி மட்டும் மிச்சம் வைத்து, புது டி உருவாக்கினேன். நாலாவது என்பதால் விண்டோஸ் தானாகவே மொத்த இடத்தையும் எக்ஸ்டெண்டட் பகுதியாக்கி, டி-யை அதற்குள் ஓர் உள் அறையாக வைத்தது. மிச்ச 80 ஜிபி பச்சை நிறத்தில் "ஃப்ரீ ஸ்பேஸ்" என்று நின்றது. எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் எத்தனை அறை வேண்டுமானாலும் போடலாம். பத்திரிகை ஃபைல்களை மறுபடி டி-யில் கொண்டுவந்து போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

பென் டிரைவ் தயார் செய்வது

நான் எடுத்தது லினக்ஸ் மின்ட் 22 வரிசை, சின்னமன் பதிப்பு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்குக் கீழே பட்டையும் மூலையில் மெனுவும் இருந்தால்தான் கை ஓடும், அதற்காகவே மின்ட். 4 ஜிபி ரேம் மட்டும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாள் டேட்டாவில் முடியாது என்பவர்கள் டாரன்டில் இறக்குங்கள், விட்ட இடத்தில் இருந்து தொடரும். இறக்கியதும் சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். 7-ஜிப் இருந்தால் ஃபைலில் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்ஹெச்ஏ மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 எடுத்தால் நீளமாக ஓர் எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்து ஒத்துப்போனாலே எனக்குப் போதும்.

8 ஜிபி பென் டிரைவ், இறக்கிய ஃபைலை அதில் ஏற்றித் தரும் ரூஃபஸ் மென்பொருள். பார்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் லெகசிக்காரர்கள் எம்பிஆர், யூஇஎஃப்ஐக்காரர்கள் ஜிபிடி. மற்றதை மாற்ற வேண்டாம். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். வெளி டிஸ்க்கும் செருகியிருந்தால் பிடுங்கிவிட்டு ரூஃபஸைத் திறங்கள். நகல் எடுத்து வைத்த டிஸ்க்கையே அழித்தவர்கள் உண்டு.

நாள் குறிக்கும் முன் ஒரு விஷயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் போட்டபடி செய்யுங்கள். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன டெஸ்க்டாப் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். பகுதிகளை எழுதுகிற நேரத்தில் கரண்ட் போனால் புலம்பி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

போடுவதற்கு முன் ஒத்திகை

பென் டிரைவைச் செருகி ஆன் செய்து, பூட் மெனுவுக்கான கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். எஃப்12, எஃப்9, எஃப்11, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. துண்டுச் சீட்டில் எழுதினோமே, அதன்படி எடுங்கள்.

இரண்டு நிமிடத்தில் மின்ட் திரை வந்துவிடும். இது பென் டிரைவில் இருந்து ஓடுவது, உங்கள் டிஸ்க்கில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. உடனே இன்ஸ்டால் ஐகானைத் தட்டாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, ஸ்கேனர் தெரிகிறதா என்று பாருங்கள். நான் பிரிண்டர்களுக்கே முக்கால் மணி நேரம் எடுத்தேன். நெட்வொர்க்கில் இருக்கும் புது பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்து முதல் தாளை அடித்துத் தள்ளியது. பல வருடமாகச் சோறு போடும் பழைய லேசர் பிரிண்டர் அசையவில்லை. சரி, அது விண்டோஸ் பக்கத்து ஆள் என்று முடிவு செய்தேன். இது முன்கூட்டியே தெரிந்ததால் கடையில் எந்த வேலையை எந்தப் பக்கம் வைப்பது என்று திட்டம் போட முடிந்தது.

இந்த ஒத்திகையில் வாடிக்கையாளர் ஒருவரின் பென் டிரைவையும் செருகிப் பார்த்தேன். விண்டோஸில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்த, எங்கள் ஊர்க் கடைகள் எல்லாம் சுற்றி வந்த பென் டிரைவ். மின்டில் உண்மையான ஃபோல்டர் தனியாக, ஷார்ட்கட் குப்பை தனியாகத் தெரிந்தது. குப்பையை டெலிட் செய்து கொடுத்தேன். அந்த இடத்திலேயே என் மனசு தீர்மானமாகிவிட்டது.

இன்ஸ்டால்

மொழிக்கு ஆங்கிலமே எடுங்கள் என்பது என் கட்சி. தமிழும் இருக்கிறது, ஆனால் சிக்கல் வந்து யாரிடமாவது கேட்கும்போது திரையில் உள்ள ஆங்கில வார்த்தையைச் சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிபடும். கீபோர்டு இங்கிலிஷ் யூஎஸ். மல்டிமீடியா கோடெக்ஸ் டிக் போட்டுக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருக்கும் லேப்டாப்பில் இங்கே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் "என்ரோல் எம்ஓகே" என்று எடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைதான்.

அடுத்து வருவதுதான் உயிர்நாடியான திரை. "விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு", "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு", "சம்திங் எல்ஸ்" என்று தேர்வுகள். முதலாவது பெரும்பாலும் ஒழுங்காகவே செய்யும், ஆனால் எங்கே சுவர் வைக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவதன் பக்கம் மவுஸே போக வேண்டாம். நான் எப்போதும் சம்திங் எல்ஸ்தான்.

இங்கே டிஸ்க்கின் பட்டியல் வரும். சி, டி என்ற பெயர்கள் இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று எண்கள்தான். என்விஎம்இ டிஸ்க் என்றால் இன்னும் நீளமான பெயர். அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதிலும் ஒரு குழப்பம்: நான் விண்டோஸில் 81,920 எம்பி விட்டுவந்த இடம் இங்கே 85,899 எம்பி என்று தெரிந்தது. கூடுதலாக இடம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் முழித்தேன். விண்டோஸ் 1024 கணக்கு, இது 1000 கணக்கு, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் கால்குலேட்டரில் 1.048576-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

"ஃப்ரீ ஸ்பேஸ்" வரியைத் தேர்ந்தெடுத்துக் கீழே உள்ள கூட்டல் குறியைத் தட்டுங்கள். அளவை மாற்ற வேண்டாம். வகை எக்ஸ்ட்4, அதாவது லினக்ஸ் பயன்படுத்தும் ஃபார்மட். மவுன்ட் பாயின்ட் என்ற இடத்தில் ஒரே ஒரு சாய்கோடு, / மட்டும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடமான ஸ்வாப்புக்கென்று தனிப் பகுதி தேவையில்லை, தானாக ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளும். கடைசியாக, ஆன் செய்ததும் எந்த சிஸ்டம் என்று கேட்கும் பூட் லோடரை எங்கே போட என்று கீழே கேட்கும் இடத்தில் எண் இல்லாத முழு டிஸ்க்கை, அதாவது வெறும் எஸ்டிஏ-வை எடுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பகுதியை அதுவே பயன்படுத்திக்கொள்ளும். அது இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவான வாசல், மறந்தும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

பட்டியலில் உங்கள் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், சில இன்டெல் லேப்டாப்புகளில் ஸ்டோரேஜ் முறை ஆர்எஸ்டி என்று வைத்திருப்பது காரணமாக இருக்கும். பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். சும்மா மாற்றினால் விண்டோஸ் ஏறாது. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட். அப்போதே பயாஸுக்குள் போய் மாற்றவும். விண்டோஸ் சேஃப் மோடில் ஒரு தடவை ஏறியதும் டிக்கை எடுத்துவிடவும்.

"இன்ஸ்டால் நவ்" அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும். எந்தெந்தப் பகுதியை ஃபார்மட் செய்யப்போகிறேன் என்று அதில் எழுதியிருக்கும். படிக்காமல் ஓகே கொடுத்துப் பழகிய கை, இங்கே மட்டும் கையைக் கட்டிக்கொண்டு படியுங்கள். எனக்கு ஒரே வரி இருந்தது: ஆறாம் எண் பகுதி, எக்ஸ்ட்4. ஐந்தாம் எண் என் டி டிரைவ், அது பட்டியலில் இல்லை. விண்டோஸ் டிரைவ்களின் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் என்ற சொல் அந்தப் பெட்டியில் எங்காவது கண்ணில் பட்டால் பின்னால் வந்துவிடுங்கள். இதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை.

அதற்குப் பிறகு கொல்கத்தா நேரம், பெயர், பாஸ்வேர்டு. எஸ்எஸ்டியில் கால் மணி நேரம். முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் மெனு வரும். மேலே மின்ட், கீழே விண்டோஸ் 10. முதல் வேலையாக விண்டோஸுக்குள் போய் பேஜ்மேக்கர் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. அப்புறம்தான் டீ குடிக்கப் போனேன்.

போட்ட பிறகு

கடிகாரம் குழப்பும். கம்ப்யூட்டரின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் நம் ஊர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். காலை 10 மணிக்கு லினக்ஸில் இருந்து விண்டோஸுக்குப் போனால் 4:30 என்று காட்டும். நெட் இருந்தால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளும், நான்தான் நெட்டைத் துண்டித்துவிட்டேனே. மின்டில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, டைம்டேட்சிடிஎல் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, செட்-லோக்கல்-ஆர்டிசி என்று இடையில் ஒற்றைக் கோடுகளோடு அடித்து, இன்னோர் இடம் விட்டு 1 போட்டு என்டர் தட்டுங்கள். லினக்ஸ் நம்மூர் நேரத்துக்கு வந்துவிடும். ஓர் எச்சரிக்கை வாசகம் எப்போதாவது காட்டும், கண்டுகொள்ள வேண்டாம்.

விண்டோஸில் நெட்டைத் துண்டிக்க கேபிளைப் பிடுங்கத் தேவையில்லை. நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் ரைட் கிளிக் செய்து டிசேபிள்.

தமிழ் தட்டச்சுக்குத் தேவையானதை மின்டிலேயே நிறுவிக்கொள்ளலாம். நான் இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சு ஹையர் முடித்தவள், டைப்ரைட்டர் முறை இருந்ததைப் பார்த்ததும் நிம்மதி. தமிழ்99-ம் இருக்கிறது. பழைய எழுத்துருக்களை டபுள் கிளிக் செய்து நிறுவினால் அந்தக் கால வேர்டு ஃபைல்களும் லிப்ரே ஆபீஸில் படிக்க வரும். ஆனால் அதில் இருந்து வெட்டி நெட்டில் ஒட்டினால் எழுத்து கொச கொச என்றுதான் வரும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

டி டிரைவ் இரண்டு பக்கமும் தெரியும். அதில் ஒரு ஃபோல்டர் வைத்து, லினக்ஸில் இறக்கும் படங்களை அங்கே போடுகிறேன், விண்டோஸில் பத்திரிகையில் சேர்க்கிறேன்.

டைம்ஷிஃப்ட் என்று ஒன்று மின்டோடு வரும். வாரம் ஒரு தடவை சிஸ்டத்தைப் படம் பிடித்து வைக்கச் சொல்லிவிடுங்கள். அது சிஸ்டத்துக்குத்தான், உங்கள் ஃபைல்களுக்கு வெளி டிஸ்க்தான் துணை.

வேண்டாம் என்று தோன்றினால்

அந்தப் பிளஸ் டூ பையனுக்கு நான் செய்த தப்பு, வரிசை மாறியதுதான். லெகசி கம்ப்யூட்டரில் வாசல் மெனு லினக்ஸ் போர்ஷனை நம்பித்தான் நிற்கிறது. போர்ஷனை இடித்தால் வாசலும் போச்சு. முதலில் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் ஏறி, ரிப்பேர் பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பூட்ரெக் கட்டளைக்கு ஃபிக்ஸ்எம்பிஆர் என்று கொடுத்தால் வாசல் விண்டோஸ் கைக்குத் திரும்பும். நேராக விண்டோஸ் ஏறுகிறது என்று பார்த்த பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதியை டெலிட் செய்யலாம். யூஇஎஃப்ஐ என்றால் பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்துவிட்டு டெலிட் செய்தால் போதும். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மெனு வராமல் நேராக விண்டோஸுக்குப் போனாலும் இதே இடம்தான். பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்டும் அந்தப் பெயரில்தான் அங்கே இருக்கும்.

கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மானிட்டருக்குக் கீழே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். "பத்திரிகை வேலை: கீழ் அம்பு, விண்டோஸ், என்டர். நெட் வேலை: எதையும் தொடாதே, தானே வரும்." பேஜ்மேக்கரில்தான் அடித்தேன், 24 பாயின்டில்.